உரோமாபுரியின் மறைந்த உத்தியானங்கள்

உரோமாபுரியைப்பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரண்டு உரோமாபுரிகளையே எடுத்துரைப்பர். ஒன்று சீசர்களின் உரோமாபுரி. மற்றொன்று போப்பரசர்களின் உரோமாபுரி. இவ்விரண்டின் இடையே, கோயில்களுமல்லாத கோட்டைகளுமல்லாத மூன்றாவது உரோமாபுரி ஒன்று இருந்தது. அது சோலைகளாலும் நீரூற்றுக்களாலும் ஆகியது. மதிலுக்குட்பட்ட நகரின் மேட்டுப் பாகங்களிற் பெரும்பகுதி அச்சோலைகளே. ஏறக்குறைய 300 ஆண்டுகள் தழைத்திருந்த அந்நகரம் ஒரு முப்பது ஆண்டிற்குள் மறைந்தொழிந்தது. அது பகைவர் படையால் அழியவில்லை. பாகப்பிரிவினையாலும், நிலவிலை ஏற்றத்தாலும், பாங்கிக் கடனாலும் அழிந்தது. இவை நம் சங்கத்து அன்பர் இல்லங்களிலும் அன்றாடம் பேசப்படும் செய்திகளாதலின், அவ்வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

'வில்லா' என்னும் இத்தாலியச் சொல்லைக் கேட்டவுடன் நம்மனோர் ஓர் அழகிய வீட்டை எண்ணுவர். உரோமாபுரியில் அச்சொல் வீட்டைக் குறிப்பதன்று. சுற்றுமதில் சூழ்ந்த நிலம் முழுவதையும் குறிப்பது. ஈலெக்ஸ் என்னும் இலையுதிரா மரங்களும் சைப்ரஸ் மரங்களும் அணிவகுத்த நடைவழிகள், கத்தரித்துச் சுவர்போல் ஆக்கிய செடிவேலிகள், பெருஞ்சாடிகளில் வளர்த்த எலுமிச்சை மரங்கள், நீரூற்றுக்கள், மண்ணினின்று அகழ்ந்தெடுத்த பழஞ்சிலைகள், அப்பால் திராட்சைத் தோட்டமும் காய்கறிக் கொல்லையும், இவை எல்லாம் சேர்ந்ததே வில்லா. இடையிலுள்ள கட்டடத்திற்குக் 'கசீனோ', அதாவது சிறுமனை, என்று பெயர். பிரபு தம் குடும்பத்தோடு வசிப்பது நகர நடுவிலுள்ள அரண்மனையில். வில்லாவிற்கு மாலைப் பொழுதில் வந்து உலவி, விருந்தினரை உபசரித்து, இரவு மீண்டுவிடுவர். வெயில் தணிந்தபின் காற்று வாங்குவதற்காக எழுபது ஏக்கர் நிலம் வைத்திருந்தவர்கள் அவர்கள்!

இச்சோலைகள் தோன்றுவதற்கு நீரே முதற் காரணம். பண்டைச் சக்கரவர்த்திகள் கட்டிய நீர்க்கால்வாய்களைக் கி. பி. 537-இல் நகரை முற்றுகையிட்ட கோத்தியர் அறுத்துவிட்டனர். அதன்பின் ஆயிரம் ஆண்டுகள் மேட்டுப் பகுதிகள் நீரின்றிக் காடும் கொடிமுந்திரித் தோட்டமுமாகக் கிடக்க, மக்கள் தைபர் நதியின் வளைவை அடுத்த தாழ்நிலத்தில் நெருங்கி வாழ்ந்தனர். 1585-இல் பட்டமெய்திய ஐந்தாம் சிக்ஸ்துஸ் என்னும் போப்பரசர் புதியதொரு கால்வாய் எடுத்து, 1587-க்குள் மேட்டுநிலத்திற்கு நீர் கொணர்ந்தார். அவருடைய இயற்பெயராகிய பெலிசே என்பதனால் அது 'பெலிசே நீர்' எனப்பட்டது. அந்நீர் ஊரார் பருகுதற்கு உதவியதெனினும், அவர் கர்தினாலாக இருந்தபோதே எஸ்குவிலின் குன்றில் நிலம் சேர்த்து அமைக்கத் தொடங்கியிருந்த மொந்தால்தோ வில்லாவிற்கும் அதுவே உயிராயிற்று என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

இரண்டாம் காரணம் உறவுமுறை. போப்பரசர் மணஞ்செய்து கொள்ளாதவர். அவருக்கு முறைப்படி மக்களில்லை. அரசோ பரம்பரையாக வருவதன்று, தெரிந்தெடுக்கப்படுவது. பெரும்பாலும் முதுமையிலேயே பட்டமெய்துவர். சில ஆண்டுகளில் மறைவர். ஆதலால் தம் காலத்திற்குள் குடும்பத்தை நிலைநிறுத்த வேண்டி, உடன்பிறந்தார் மக்களில் ஒருவனைக் கர்தினாலாக்கி, ஆட்சியின் வருவாயைப் பெரும்பாலும் அவனிடமே ஒப்படைப்பர். நம் வழக்கில் உடன்பிறந்தான் மகன் மகன்முறை, உடன்பிறந்தாள் மகன் மருமகன்முறை. இத்தாலியரோ இருவரையும், போதாமைக்குப் பேரனையும், 'நிபோத்தே' என்ற ஒரே சொல்லால் அழைப்பர். உறவினர்க்கே பதவியளிக்கும் பழக்கத்தைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல் இதன் வழிவந்ததே.

இவ்வாறு எழுந்தவற்றுள் இரண்டு வில்லாக்களின் கதையை மட்டும் சற்று விரிவாகக் கூறுவேன். ஏனெனில் அவை ஒரே தலைமுறையிற் பிறந்தவை, அடுத்தடுத்திருந்தவை, முடிவிலோ நேர்மாறானவை.

முதலாவது பொர்கேசே வில்லா. 1605-இல் பட்டமெய்திய ஐந்தாம் பவுல் என்பாரின் தமக்கையோ தங்கையோ பெற்ற மகனாகிய சிப்பியோனே, தந்தையின் குடிப்பெயரை விடுத்து, மாமனுடைய பொர்கேசே என்னும் பெயரையே பூண்டு கர்தினாலானார். நகர மதிலுக்கு வெளியே, பிஞ்சியானா வாயிலை அடுத்து, அவர் அமைத்த சோலை இன்றும் ஏறக்குறைய 200 ஏக்கர் பரந்து கிடக்கிறது. சிப்பியோனே பொருள் சேர்த்த வழிகள் எல்லாம் புகழத்தக்கனவல்ல. ஓவியங்களைக் கவர்ந்துகொள்ள அவர் செய்த கொடுமைகளும் உண்டு. ஆயினும் தம் சோலையில் இலத்தீன் மொழியில் ஒரு கற்சாசனம் நிறுவினார். வருவோர் யாவராயினும் விரும்பிய இடத்தில் உலவலாம், விரும்பியதைப் பறிக்கலாம், இவ்விடம் உடையவரினும் அயலாருக்கே அமைந்தது, நல்லொழுக்கம் ஒன்றே இங்குச் சட்டம் என்பது அதன் கருத்து. பெருந்தன்மைக்காக எழுதினாரோ பெருமைக்காக எழுதினாரோ, எழுதிவிட்டார். ஊரார் அதனை மெய்யென்று கொண்டு வரலாயினர்.

இரண்டாவது லுடோவிசி வில்லா. 1621-இல் பதினைந்தாம் கிரெகோரி போப்பரசரானபோது அவருடைய உடன்பிறந்தான் மகன் லுடோவிகோ லுடோவிசிக்கு வயது இருபத்தைந்து. பெரியவர் நோயாளி, இரண்டு ஆண்டு ஐந்து மாதமே ஆட்சி செய்து 1623-இல் மறைந்தார். காலம் குறுகியது என்பதை இளங்கர்தினால் நன்கு அறிந்திருந்தார் போலும்! பட்டமெய்திய அவ்வாண்டு முதலே அயலாருடைய தோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக விலைக்கு வாங்கி, மதிலின் உட்புறத்தில் ஏறக்குறைய 75 ஏக்கர் சேர்த்தார். வாங்கிய தோட்டம் ஒன்றில் இருந்த சிறுமனையின் கூரையில் காரவாஜோ என்னும் பேரோவியர் முன்னரே தீட்டிய சுவர்ச்சித்திரம் ஒன்று இருந்தது. அம்மனையிலேயே குவெர்ச்சீனோ என்பவரைக்கொண்டு 1621-இல் உதயதேவதை தேரூர்ந்து வரும் காட்சியை எழுதுவித்தார். அதனால் அது 'அவுரோரா மனை' எனப்பெயர் பெற்றது.

அந்நிலத்திற்குப் பழைய வரலாறும் ஒன்றுண்டு. கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டில் சரித்திராசிரியர் சல்லுஸ்தியுஸ் அமைத்த புகழ்பெற்ற சோலைகள் இருந்த இடமே அது. பின்னர்ச் சக்கரவர்த்திகளின் உடைமையாகி, 410-இல் அலாரிக் என்பவன் படையோடு அருகிலுள்ள வாயிலின் வழியே நுழைந்தபோது தீக்கிரையாயிற்று. ஆகவே அங்கு மண்வெட்டி போட்ட இடமெல்லாம் சிலை கிடைத்தது. தோல்வியுற்ற காலிய வீரன் மனைவியைக் கொன்று தன் மார்பிலும் வாளைப் பாய்ச்சிக்கொள்ளும் பெருஞ்சிலை 1623-ஆம் ஆண்டு இருப்புப் பட்டியிலேயே காணப்படுகிறது. அங்கிருந்த யூனோ தேவியின் மாபெருந் தலைச்சிலையை ஜெர்மானியக் கவி கெதே கண்டு மயங்கி, அதன் அச்சு வார்ப்பு ஒன்றைத் தம் அறையில் வைத்திருந்தார். லுடோவிகோ தம் முப்பத்தேழாம் வயதில், 1632-இல் மறைந்தார். பின்னர்த் திருமண வழியில் வில்லா பொன்கொம்பாஞ்ஞி குடும்பத்தைச் சேர்ந்து, இரு பெயரும் இணைந்து நின்றன.

பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தெந்தால் இதனை உலகத்து மிக அழகிய சோலைகளுள் ஒன்றாக மதித்தார். ஆனால் வாயில் அடைபட்டதே. இளவரசருடைய அனுமதிச் சீட்டுப் பெற்றவரே உள்ளே செல்லலாம். சிற்சில காலங்களில் அதுவும் கிடையாது. பொர்கேசே சோலையில் ஊர்ச்சிறார் ஆடிக்கொண்டிருக்க, லுடோவிசி சோலையை ஊரார் மதிலின்மேல் எழுந்த மரத்தலைகளால் மட்டும் அறிந்திருந்தனர். இவ்வேறுபாட்டை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

1870 செப்டம்பர் 20-இல் இத்தாலியப் படை பியா வாயிலருகே மதிலை உடைத்து உள்ளே புகுந்தது. 1871-இல் உரோமாபுரி இத்தாலிய இராஜ்யத்தின் தலைநகராயிற்று. அப்போது இரண்டு லட்சம் அளவில் இருந்த ஜனத்தொகை 1901-க்குள் நான்கு லட்சத்திற்கு மேற்பட்டது. உத்தியோகஸ்தர்களும் கொத்தர்களும் வியாபாரிகளும் வந்து குவிந்தனர். வீடு வேண்டும், நிலம் வேண்டும். மதிலுக்குள் வெறுநிலமாக இருந்தவை வில்லாக்களே.

அவ்வமயத்தில்தான் சட்டமும் மாறியது. பழைய முறைப்படி பிரபுக்களின் சொத்து விற்கவும் பிரிக்கவும் ஆகாதபடி, தலைமுறை தலைமுறையாக ஒருவன் கைக்கே செல்லுமாறு கட்டப்பட்டிருந்தது. புதிய அரசு 1871 ஜூன் மாதத்துச் சட்டத்தால் உரோமாபுரியிலும் அக்கட்டை அவிழ்த்தது. மூத்தவன் ஒருவனே உண்டு, ஏனையோர் கைபார்த்து நிற்பது நீதியன்று. ஆதலின் அச்சட்டத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அதனுள் ஒரு வியப்பு உண்டு. சித்திரசாலைகள், சிலைத் தொகுதிகள், நூல்நிலையங்கள் என்பவற்றை மட்டும் பிரிக்கலாகாது என்று விலக்கி வைத்தனர். சலவைக்கல்லுக்குக் காவல் கிடைத்தது, மரத்துக்குக் கிடைக்கவில்லை.

அழிவு முழுவதும் புதிய அரசால் வந்ததென்றும் கூறலாகாது. சிக்ஸ்துஸ் அமைத்த மொந்தால்தோ வில்லா அதற்குமுன்பே சிதைந்திருந்தது. பல கைமாறி, 1784-இல் வியாபாரி ஒருவர் அதனை வாங்கி மரங்களை வெட்டியும் சிலைகளை விற்றும் முதலை எடுத்துக்கொண்டார். அங்கே பெருங்குளத்தின் கரையில் நின்ற, பெர்னீனி செதுக்கிய கடற்றேவன் சிலை, 1786-இல் ஆங்கில ஓவியர் சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் கைக்குப் போய், இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் இருக்கிறது. குளம் போயிற்று, சிலைமட்டும் கடல் கடந்தது. பின்னர் ஒன்பதாம் பியுஸ் போப்பரசர் காலத்திலேயே, 1863-இல், அந்நிலத்தில் ரயில் நிலையம் வந்தது. இன்று நாள்தோறும் பல்லாயிரவர் ஏறியிறங்கும் டெர்மினி நிலையமும் அதன் முன்றிலும் மொந்தால்தோ சோலையின்மேல் நிற்பனவே.

எஸ்குவிலின் குன்றிலேயே பலொம்பாரா என்னும் பிரபுவின் வில்லா இருந்தது. அவர் இரசவாதத்தில் பித்துக்கொண்டவர். நம் சித்தர்கள் பரிபாஷையில் மறைத்ததுபோல அவரும் தம் தோட்டத்துக் கதவுநிலையில் 1680-ஆம் ஆண்டையொட்டி இரசவாதக் குறிகளையும் இலத்தீன் மறைமொழிகளையும் செதுக்குவித்தார். புதிய சதுக்கம் ஒன்றிற்காக வில்லா தரைமட்டமாயிற்று. கதவுநிலை மட்டும் பெயர்த்தெடுக்கப்பட்டு அச்சதுக்கத்துப் பூங்காவில் நிற்கிறது. பின்னால் வீடில்லை, திறப்பதற்கு வழியுமில்லை.

இனி லுடோவிசி வில்லாவின் கதைக்கு வருவோம். நிலவிலை நாளுக்குநாள் ஏறிற்று. 1886 தொடக்கத்தில் இளவரசர் ரொடோல்போ பொன்கொம்பாஞ்ஞி லுடோவிசி, நகரசபையோடும் பெரியதொரு நிலவியாபாரக் கம்பெனியோடும் உடன்படிக்கை செய்துகொண்டார். தெருக்களுக்கான நிலம் சபைக்கு, மனைகள் விற்பனைக்கு. உடனே கோடரிகள் புகுந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த சைப்ரஸ் மரங்கள் வரிசை வரிசையாக வீழ்ந்து வேரோடு கிடந்ததையும், சுண்ணாம்புத் தூசி பறந்ததையும் கவி தன்னுன்சியோ பின்னர்த் தம் கதையொன்றில் மனம் நொந்து வருணித்தார். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் கிரிம் 1886-லேயே உரோமாபுரியின் அழிவு குறித்து ஒரு கண்டனம் வெளியிட்டார். உரோமாபுரியின் சரித்திரத்தை எழுதிய கிரெகொரோவியுஸும் குரல்கொடுத்தார். அயல்நாட்டார் எங்கள் நகரை என்றும் பழம்பொருளாகவே இருக்கச் சொல்வது நேர்மையோ என்று இத்தாலியர் சிலர் சினந்தனர். அச்சினத்திலும் நியாயம் இருந்தது. குடிகளுக்கு வீடு வேண்டியிருந்தது மெய்யே. எனினும் அச்சோலையில் எழுந்தவை பெரும்பாலும் ஏழைகளுக்கான வீடுகளல்ல. செல்வர் மாளிகைகளும், பிற்காலத்தில் ஆடம்பர ஓட்டல்களுமே. இன்று வெனெத்தோ வீதி என்று உலகமெல்லாம் அறிந்த வீதி அச்சோலையினூடே வளைந்து செல்வது. தெருவொன்றிற்கு லுடோவிசி என்றும் மற்றொன்றிற்குப் பொன்கொம்பாஞ்ஞி என்றும் பெயர் சூட்டினர்.

1887-இல் தெரு வெட்டுகையில் மண்ணினின்று மூன்று முகமுடைய வெண்கல் ஒன்று வெளிப்பட்டது. நீரினின்று எழும் தேவி ஒருத்தியைப் பணிப்பெண்கள் இருவர் தாங்கியெடுக்கும் கிரேக்கச் சிற்பம் அதன் முகப்பில் இருந்தது. 'லுடோவிசி அரியணை' என்று பெயர் பெற்ற அச்சிற்பமே சோலை தன் இறுதியில் அளித்த கொடை என்னலாம்.

இளவரசர் தம் பங்கு நிலத்தில் கேத்தானோ கோக் என்னும் சிற்பியைக்கொண்டு 1886 முதல் 1890 வரை புதிய அரண்மனை ஒன்று கட்டினார். அதற்குள் காற்று மாறிவிட்டது. 1887-க்குப் பின் கட்டட வியாபாரம் படுத்தது. கடன் கொடுத்த பாங்கிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. பாதி எழும்பிய வீடுகள் கூரையின்றி நின்றன. சோலையை விற்றுச் செல்வராக எண்ணிய குடும்பம் கடனில் ஆழ்ந்தது. புதிய அரண்மனையும் கைவிட்டுப் போயிற்று. 1900-இல் கணவரைக் கொலைக்குப் பறிகொடுத்த அரசி மார்கெரீத்தா அதில் குடிபுகுந்து 1926-இல் மறையும்வரை வாழ்ந்தார். இப்போது அஃது அமெரிக்கத் தூதரகம். சிலைகளில் 104-ஐ அரசாங்கம் 1901-இல் விலைக்கு வாங்கிற்று. நாவோனா சதுக்கத்தையடுத்த அல்தெம்ப்ஸ் அரண்மனையில் 1997 முதல் அவை வைக்கப்பட்டிருக்கின்றன. காலிய வீரனும் யூனோவும் அரியணையும் அங்குளர்.

மதிலுக்கு அப்பால் பொர்கேசே வில்லாவிலும் அதே காலத்தில் அதே பேராசை வாயிலில் நின்றது. 1885-ஆம் ஆண்டளவில் அக்குடும்பத்து இளவரசர் கதவுகளை அடைத்தார். நிலம் தமதென்பதற்குப் பத்திரம் இருந்தது. ஒருவரும் அதனை மறுக்கவில்லை. நகரசபையார் வழக்குத் தொடுத்தனர். மான்சீனி என்னும் சட்ட நிபுணர் அவர் பக்கம் நின்று வாதித்தார். வாதம் யாதெனின்: நிலம் இளவரசருக்கே உரியதாகுக; ஆனால் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு உரோமாபுரி மக்கள் அங்கு வந்து உலவுகின்றனர்; அவ்வநுபோக பாத்தியதை இன்னார் இன்னார்க்கு என்றின்றி மக்கள் அனைவர்க்கும் பொதுவில் உரியது; கதவடைக்க உடையவருக்கு அதிகாரமில்லை. 1887-இல் உரோமாபுரியின் உயர்ந்த நியாயஸ்தலம் மக்கள் பக்கமே தீர்ப்பளித்தது. இன்றும் இத்தாலியச் சட்ட மாணவர் அவ்வழக்கைப் படிக்கின்றனர்.

உலவும் உரிமையோடு கூடிய நிலத்தை மனையாக வெட்டி விற்பதெங்ஙனம்? பின்னர் அக்குடும்பமும் கட்டட வியாபாரத்தில் நொடித்தது. 1901-இல் அரசாங்கம் வில்லாவை விலைக்கு வாங்கி 1903-இல் நகரத்திற்கு வழங்கிற்று. மாண்ட மன்னர் உம்பெர்தோவின் பெயரை அதற்கு இட்டனர்; ஊரார் ஒருநாளும் அப்பெயரை வழங்கவில்லை. மதிலுக்கு வெளியே இருந்ததும், நிலத்துக்கு உள்நகர்போல் விலையேறாமையும் அது பிழைத்ததற்குத் துணைக் காரணங்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் 1887-இல் அதனைக் காத்தது, சிப்பியோனே காலந்தொட்டு அவ்வழியே நடந்த கால்களே. லுடோவிசி சோலைக்கு அவ்வாறு சாட்சி சொல்ல ஒரு கால்கூட இல்லை.

ஏனைய சிலவும் தப்பின. 450 ஏக்கர் அளவுள்ள தோரியா பம்பீலி வில்லா 1972-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது; 1960-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்திற்காக இட்ட சாலை அதனை இரண்டாகப் பிளந்து செல்கிறது. முசோலினி ஆண்டொன்றுக்கு ஒரு லிரா வாடகையில் 1943 வரை குடியிருந்த தொர்லோனியா வில்லாவை நகரத்தார் 1977-இல் வாங்கி அடுத்த ஆண்டு திறந்தனர். அல்பானி வில்லா இன்றும் தனியார் உடைமையே.

லுடோவிசி நிலத்தில் எஞ்சியது அவுரோரா மனையும் அதனைச் சூழ்ந்த சிறு தோட்டமும். அது குடும்பத்தின் கையிலேயே இருந்து, வாரிசுகளிடையே வழக்கு மூண்டமையால் நியாயஸ்தலத்தின் ஆணைப்படி 2022 ஜனவரியில் ஏலத்திற்கு வந்தது. காரவாஜோவின் கூரைச் சித்திரத்தை முன்னிட்டு மதிப்பு 47 கோடி யூரோவிற்கு மேல் குறிக்கப்பட்டது. கேட்பார் ஒருவரும் வரவில்லை. விலையைக் குறைத்து மறுபடி கூறியபோதும் அவ்வாறே.

மொந்தால்தோ சோலை இருந்த இடத்தில், ரயில் நிலையத்தின் எதிரே, மாஸ்ஸிமோ மாளிகை என்னும் பெருங்கட்டடம் நிற்கிறது. 1880-களில் பள்ளிக்கூடமாகக் கட்டப்பட்ட அஃது இப்போது தேசியக் காட்சிச்சாலை. அதன் மேன்மாடத்தில் 1998 முதல் ஓர் அறை அமைந்துள்ளது. அகுஸ்துஸ் சக்கரவர்த்தியின் மனைவி லிவியாவின் ஊர்ப்புற வில்லாவில் 1863-இல், அதாவது கீழே ரயில் வந்த அதே ஆண்டில், கண்டெடுத்த சுவர்ச் சித்திரங்களை அவ்வறையில் நான்கு புறமும் பொருத்தியிருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய சோலை அது. மாதுளை காய்த்துத் தொங்குகிறது, அரளி பூத்திருக்கிறது, பைனும் ஓக்கும் லாரலும் நிற்கின்றன, மனிதர் ஒருவரும் இல்லை. கிளைகளெங்கும் பறவைகள் தம் விருப்பப்படி அமர்ந்தும் பறந்தும் உள்ளன. சுற்றுச்சுவரின் மீது வைத்த கூண்டொன்றில் மட்டும் ஒரு பறவை இருக்கிறது.